அறியும் உரிமையும் அறியாதிருக்கும் உரிமையும்
புற்றுநோயும் பரம்பரையலகுப் பரிசோதனையும்: குடும்பங்களுக்கு ஒரு பாடம்

புற்றுநோய் என்ற சொல்லை நம் வீடுகளில் உரத்துச் சொல்வதில்லை. "அந்த வருத்தம்" என்போம். அல்லது "மகரகமவுக்குக் கொண்டுபோனவை" என்று சொல்லி நிறுத்திவிடுவோம். நோயாளி உள்ளே கட்டிலில் இருக்க, மூத்த மகனும் மருமகனும் விறாந்தையில் நின்று வைத்தியரோடு பேசி முடிவெடுப்பர். "அம்மாவுக்குச் சொல்லவேண்டாம் டொக்டர், அவ தாங்கமாட்டா" என்பது எத்தனையோ குடும்பங்களில் கேட்ட வார்த்தை. அன்பினால்தான் அவ்வாறு செய்கிறோம், அதில் ஐயமில்லை.

ஆனால் புற்றுநோய் வைத்தியத்துக்குள் வந்திருக்கும் ஒரு புதிய பரிசோதனை இந்தப் பழைய வழக்கத்தைக் கேள்விக்கு உள்ளாக்கியிருக்கிறது. அதுதான் பரம்பரையலகுப் பரிசோதனை. தமிழகத்தில் இதை மரபணுப் பரிசோதனை என்பர். இரத்தம் எடுக்குமுன் நோயாளியிடம் சில கேள்விகளைக் கேட்டாகவேண்டும். அக்கேள்விகளுக்கு மகனோ மருமகனோ வைத்தியரோ அவருக்காக விடை சொல்ல முடியாது. ஏன் முடியாது என்பதே இன்றைய பாடம்.

1. பரம்பரையலகு என்பது என்ன?

நமது உடல் கோடானுகோடி கலங்களால் ஆனது. ஒவ்வொரு கலத்தின் கருவிலும் 23 சோடி நிறமூர்த்தங்கள் உள்ளன. சோடியில் ஒன்று தாயிடமிருந்தும் மற்றது தந்தையிடமிருந்தும் வந்தவை. இவற்றில் ஏறத்தாழ 20,000 பரம்பரையலகுகள் வரிசையாக அமைந்துள்ளன. கலம் எப்போது பெருக வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்ற கட்டளைகளை இவையே கொடுக்கின்றன. இந்தக் கட்டளையில் விழும் எழுத்துப் பிழையை விகாரம் என்கிறோம். சில முக்கியமான இடங்களில் பிழைகள் சேரும்போது கலம் அடங்காமல் பெருகுகிறது. அதுவே புற்றுநோய்.

இந்தப் பிழைகளிற் பெரும்பாலானவை பிறந்த பின்னர் ஏற்படுபவை. வயது, புகையிலை, வெயில், சில கிருமிகள் என்பன காரணமாகலாம். வெறும் தற்செயலாகவும் நேரலாம். இவை கட்டியில் மாத்திரமே இருக்கும், பிள்ளைகளுக்குப் போகா. நூறு புற்றுநோயாளருள் ஏறத்தாழ 5 முதல் 10 பேரிடம் மாத்திரமே பெற்றோரிடமிருந்து வந்த ஒரு விகாரம் முக்கிய காரணமாக இருக்கின்றது. ஆகவே குடும்பத்தில் ஒருவருக்குப் புற்றுநோய் வந்துவிட்டது என்பதற்காக அது "பரம்பரை வியாதி" என்று முடிவுகட்டுவது தவறு.

2. இருவகைப் பரிசோதனை

பெயர் ஒன்றாயினும் பரிசோதனை இருவகைப்படும். இந்த வேறுபாட்டை விளங்கிக்கொண்டால் பாதிப் பாடம் முடிந்தது.

முதலாவது, கட்டியின் ஒரு சிறு துண்டை எடுத்து அதிலுள்ள விகாரங்களைப் பார்ப்பது. எந்த மருந்து பொருந்தும் என்பதை அறியவே இது பெரும்பாலும் செய்யப்படுகிறது. மார்பகக் கட்டியில் ஹெர் 2 என்ற பரம்பரையலகு அளவுக்கு மிஞ்சிப் பெருகியிருந்தால், அதற்கென 1998ஆம் ஆண்டு அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற ட்ரஸ்ருசுமாப் என்ற மருந்து உதவும். சுவாசப்பைப் புற்றுநோயில் ஈ.ஜி.எப்.ஆர். என்ற பரம்பரையலகில் குறித்த மாற்றங்கள் இருந்தால், ஊசிமருந்துக்குப் பதிலாகக் குளிசையே முதற் சிகிச்சையாகலாம். புகைத்தறியாத ஆசிய மக்களிடையே இம்மாற்றம் கூடுதலாகக் காணப்படுகிறது.

இரண்டாவது, இரத்தத்தையோ உமிழ்நீரையோ எடுத்து, பிறக்கும்போதே கொண்டுவந்த விகாரம் உண்டா என்று பார்ப்பது. இருந்தால் அது உடலின் எல்லாக் கலங்களிலும் இருக்கும். இவ்வகை விகாரங்களிற் பெரும்பாலானவை ஒவ்வொரு பிள்ளைக்கும், ஆணாயினும் பெண்ணாயினும், இரண்டில் ஒன்று என்ற அளவில் கடத்தப்படக்கூடியவை. ஆகவே இவ்விடை நோயாளியோடு நிற்பதில்லை. சகோதரங்களையும் பிள்ளைகளையும் தொடுகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மருந்து தேடிச் செய்த முதலாம் வகைப் பரிசோதனையே சில வேளைகளில் இரண்டாம் வகை விகாரத்தின் சாடையைக் காட்டிவிடும். தனக்கு மருந்து தேடப்போன தாய், மகளைப் பற்றிய செய்தியோடு திரும்பி வரலாம். ஆகவே முதலாம் வகையென்றாலும் முன்கூட்டியே விளக்கம் கேட்பது அவசியம்.

3. ஒரு தையற்காரப் பெண்ணின் சாட்சியம்

இந்த அறிவு ஆய்வுகூடத்தில் மாத்திரம் தோன்றியதன்று. 1895ஆம் ஆண்டு அமெரிக்காவில் மிச்சிக்கன் மாநிலத்து ஆன் ஆபர் நகரில் ஒரு தையற்காரப் பெண், ஓல்ட்றெட் வார்தின் என்ற நோயியல் வல்லுநரிடம் தன் துயரத்தைக் கூறினார். தன் குடும்பத்தவர் பலர் குடலிலும் கருப்பையிலும் வந்த புற்றுநோயால் இளவயதில் இறந்தனர் என்றும், தானும் அவ்வாறே இறப்பேன் என்றும் சொன்னார். அவர் சொன்னபடியே கருப்பைப் புற்றுநோயால் இறந்தார். வார்தின் அப்பேச்சைத் தட்டிவிடவில்லை. அந்தக் குடும்பத்தின் விபரங்களைச் சேகரித்து 1913இல் வெளியிட்டார். வைத்திய நூல்களில் அது "ஜி குடும்பம்" எனப் பெயர் பெற்றது.

பின்னர் ஹென்றி லிஞ்ச் என்ற வைத்தியர் இத்தகைய குடும்பங்களை ஆராய்வதிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்டார். நெப்றாஸ்கா மாநிலத்தின் ஓமஹா நகரில் இயேசுசபையினர் நிறுவிய கிரைற்றன் பல்கலைக்கழகத்திலேயே அவர் நீண்டகாலம் பணியாற்றினார். புற்றுநோய் குடும்பத்தில் தொடரலாம் என்பதைப் பலர் நம்ப மறுத்த காலம் அது. 2000ஆம் ஆண்டில் ஜி குடும்பத்தின் விகாரம் எம்.எஸ்.எச். 2 என்ற பரம்பரையலகில் இருப்பதாகக் கண்டறியப்பட்டது. இந்நோய்நிலை இன்று லிஞ்ச் நோய்க்குறித் தொகுதி என அழைக்கப்படுகிறது. அவர் 2019இல் காலமானார்.

அந்தத் தையற்காரப் பெண்ணிடம் அறிவு இருந்தது. அதைக் கொண்டு செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. இன்று உண்டு. இத்தகைய குடும்பத்தவரைப் பின்லாந்தில் 15 ஆண்டுகள் அவதானித்தனர். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருங்குடலுக்குள் குழாய்க் கமரா செலுத்திப் பார்த்து, காணப்பட்ட முளைகளை அகற்றி வந்தனர். அப்பரிசோதனைக்கு வராதவர்களோடு ஒப்பிட்டபோது குடற் புற்றுநோய் 62 வீதம் குறைந்திருந்தது. 2000ஆம் ஆண்டில் இம்முடிவு வெளிவந்தது. இன்று இந்த இடைவெளியை இன்னும் குறைத்து, ஓராண்டுக்கோ ஈராண்டுக்கோ ஒருமுறை பார்க்குமாறு பல நாடுகளில் ஆலோசனை கூறுகின்றனர். அறிவு இங்கே உயிர் காக்கும் செயலாகிறது. ஆகவே பரிசோதனையைக் கண்டு வீணாக அஞ்சுவது சரியன்று.

4. எண் சொல்வதும் சொல்லாததும்

இருந்தும் எல்லா விடையும் இவ்வளவு நேரானதன்று. ஓர் உதாரணத்தை நோக்குவோம்.

ஆரம்ப நிலை மார்பகப் புற்றுநோயில், சத்திரசிகிச்சைக்குப் பின் இரசாயன மருந்துச் சிகிச்சை வேண்டுமா என்பது நெடுநாளைய கேள்வி. கட்டியில் 21 பரம்பரையலகுகளின் செயலை அளந்து 0 முதல் 100 வரை ஒரு புள்ளி தரும் பரிசோதனை ஒன்று உண்டு. ஓமோன் மருந்துக்கு இணங்கக்கூடிய, நிணநீர்க் கணுக்களுக்குப் பரவாத கட்டியையுடைய பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பங்குபற்றிய பெரிய ஆய்வின் முடிவு 2018இல் வெளியாயிற்று. 11 முதல் 25 வரை புள்ளி பெற்றவர்களிடையே, ஓமோன் மருந்து மாத்திரம் பெற்றவர்களில் 83.3 வீதத்தினரும், இரசாயன மருந்தும் சேர்த்துப் பெற்றவர்களில் 84.3 வீதத்தினரும் ஒன்பது ஆண்டுகளின் முடிவில் நோய் திரும்பாமலும் வேறு புற்றுநோய் தோன்றாமலும் உயிரோடு இருந்தனர். வேறுபாடு மிகச் சிறிது. ஆயிரமாயிரம் பெண்கள் தேவையற்ற தலைமுடி உதிர்வையும் வாந்தியையும் தவிர்க்க இந்த ஆய்வு வழிசெய்தது. ஆனால் 50 வயதும் அதற்குக் குறைந்தவர்களுமான, 16 முதல் 25 வரை புள்ளி பெற்ற பெண்களுக்கு இரசாயன மருந்தால் ஓரளவு நன்மை தெரிந்தது.

இப்போது 44 வயதுடைய இரு பெண்களை மனத்தில் நிறுத்துவோம். இருவருக்கும் ஒரே புள்ளி. ஒருவருக்கு மூன்று சிறு பிள்ளைகள். "சிறு நன்மையானாலும் எனக்கு வேண்டும், எந்தக் கஷ்டத்தையும் படுவேன்" என்கிறார் அவர். மற்றவர் தனித்து உழைத்து வயோதிபத் தாயைப் பராமரிப்பவர். "மாதக்கணக்கில் வேலைக்குப் போகாமற் படுத்தால் வீடு நடவாது, இந்தச் சிறு வித்தியாசத்துக்காக அதைச் செய்யமாட்டேன்" என்கிறார். இருவரும் வைத்தியரின் விளக்கத்தை நன்றாகக் கேட்டவர்களே. இருவரில் யார் பிழை? ஒருவருமில்லை. புள்ளியைப் பரிசோதனை தந்தது. அதன் பெறுமதியை அவரவர் வாழ்க்கையே தந்தது.

பிறப்பிலேயே வரும் விகாரத்திலும் இதே நிலைதான். பி.ஆர்.சி.ஏ. 1 என்ற பரம்பரையலகு 17ஆம் நிறமூர்த்தத்தில் உள்ளதென 1990இல் மேரி கிளயர் கிங் என்ற பெண் விஞ்ஞானி காட்டினார். 1994இல் அது பிரித்தறியப்பட்டது. அடுத்த ஆண்டில் பி.ஆர்.சி.ஏ. 2 கண்டறியப்பட்டது. 2017இல் வெளியான ஒரு பெரிய ஆய்வின்படி, முதலாவதில் விகாரமுள்ள பெண்களில் நூற்றுக்கு 72 பேருக்கும், இரண்டாவதில் விகாரமுள்ளவர்களில் நூற்றுக்கு 69 பேருக்கும் 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரக்கூடும். சூலகப் புற்றுநோய்க்கு இந்த அளவு முறையே 44, 17. இவ்விடை கிடைத்தபின் சிலர் ஆண்டுதோறும் ஸ்கான் செய்து விழிப்பாயிருக்கத் தீர்மானிக்கின்றனர். சிலர் நோய் வருமுன்னரே உறுப்புகளை அகற்றும் சத்திரசிகிச்சையைத் தெரிகின்றனர். மணமாகாத இளம் பெண்ணும் பிள்ளைகளைப் பெற்று வளர்த்த தாயும் இதை ஒரே விதமாக நோக்க முடியாது.

5. இரத்தம் ஒருவருடையது, செய்தி பலருடையது

நம் குடும்பங்களில் உண்மையான நெருக்கடி இங்கேதான் தோன்றுகிறது. தாய்க்கு விகாரம் இருப்பதாகத் தெரிகிறது. வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள்; மூத்தவளுக்குச் சம்பந்தம் பேசுகிறார்கள். "இது வெளியே தெரிந்தால் பிள்ளைகளின் வாழ்வு என்ன ஆகும்?" என்று தாய் வாய் மூடுகிறார். அந்தப் பயத்தை நாம் குறைத்து மதிப்பிடக்கூடாது. ஊர் வாயை அறிந்த தாய் அவர். ஆனால் அந்த மௌனத்துக்கும் ஒரு விலை உண்டு. மகள் உரிய வயதில் பரிசோதனைகளைத் தொடங்கும் வாய்ப்பை இழக்கிறாள். சித்தியின் பிள்ளைகளும் மாமாவின் பிள்ளைகளும் ஒன்றும் அறியாமல் இருக்கிறார்கள்.

ஆண்களும் இதில் அடங்குவர். பி.ஆர்.சி.ஏ. விகாரம் தந்தை வழியாகவும் வரும். அத்தகைய ஆண்களுக்கு முன்னிற்கும் சுரப்பியிலும் சதையியிலும், அரிதாக மார்பிலும் புற்றுநோய் வரும் ஆபத்து கூடுகிறது. "இது பெண்கள் சங்கதி" என்று தகப்பன்மார் ஒதுங்க இடமில்லை.

குடும்பத்தில் ஒருவரிடம் விகாரம் சரியாக இனங்காணப்பட்டால், மற்றவர்களிடம் அந்த ஒன்றை மாத்திரம் தேடினாற் போதும், பரிசோதனை எளிதாகிறது. ஆகவே கனடாவிலோ இலண்டனிலோ வாழும் சகோதரத்துக்கு அந்த அறிக்கையின் பிரதியொன்றை அனுப்புவது பெரிய உதவி. சம்பந்தம் பேசும் வீட்டாருக்குச் சொல்வது வேறு. சொந்த இரத்தத்துக்குச் சொல்வது வேறு. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதனாலேயே பலர் ஒருவருக்கும் சொல்லாமல் விடுகின்றனர்.

இனி மறுபக்கம். "எனக்குத் தெரியவே வேண்டாம்" என்று ஒருவர் சொன்னால்? 1997இல் யுனெஸ்கோ ஏற்றுக்கொண்ட மனிதப் பரம்பரையலகுத் தொகுதி பற்றிய பிரகடனம், பரிசோதனை முடிவை அறிவதா அறியாதிருப்பதா என்று தீர்மானிக்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டென்கிறது. அமெரிக்காவில் இது பெரிய விவாதமாகியது. 2013இல் அங்குள்ள வைத்தியப் பரம்பரையியல் கல்லூரி, விரிவான பரிசோதனையொன்றைச் செய்யும்போது குறித்த 56 பரம்பரையலகுகளில் ஆபத்தான விகாரம் தென்பட்டால், நோயாளியின் விருப்பத்தைக் கேளாமலே வைத்தியருக்கு அறிவிக்குமாறு பரிந்துரைத்தது. எதிர்ப்பு எழுந்தது. அடுத்த ஆண்டிலேயே, வேண்டாம் என்பவர் முன்கூட்டியே விலகிக்கொள்ளலாம் என்று அது மாற்றப்பட்டது. உயிர்காக்கும் செய்தியையும் திணிக்கக்கூடாது என்ற முடிவுக்கு வல்லுநர்களே வந்தனர்.

ஆகவே உறவினருக்குச் செய்தி சொல்லும்போதும் ஒரு முறை உண்டு. "நமது குடும்பத்தில் ஒரு விஷயம் தெரியவந்திருக்கிறது. விருப்பமானால் சொல்லுகிறேன்" என்று கதவைத் திறந்துவைப்பதே போதும்.

6. தெளிவில்லாத விடை

பரிசோதனை எப்போதும் "உண்டு" அல்லது "இல்லை" என்று சொல்வதில்லை. "ஒரு மாற்றம் காணப்படுகிறது, அதன் பொருள் நிச்சயமில்லை" என்றும் சொல்லும். ஒப்பிட்டுப் பார்க்கும் பதிவுகளிற் பெரும்பகுதி ஐரோப்பிய வழிவந்த மக்களிடமிருந்து திரட்டப்பட்டவை. ஆதலால் நம்மைப் போன்ற மக்களுக்கு இத்தகைய விடை கூடுதலாக வருகிறது. இவ்வாறான மாற்றங்களிற் பெரும்பாலானவை பிற்காலத்தில் தீங்கற்றவை என்று தெரியவருகின்றன. எனவே நிச்சயமற்ற விடையொன்றை மாத்திரம் வைத்துக்கொண்டு உறுப்பை அகற்றவோ பிள்ளைகளைக் கலங்கவைக்கவோ கூடாது. "ஒன்றும் காணப்படவில்லை" என்ற விடையும் புற்றுநோய் வராது என்ற உத்தரவாதம் அன்று.

7. மறுப்பது பாவமா?

விசுவாசமுள்ள குடும்பங்களில் இக்கேள்வி எழும். 1957 நவம்பரில் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் மயக்கமருந்து வைத்தியர்களுக்கு ஆற்றிய உரையில், உயிரைப் பேணும் கடமை சாதாரண வழிகளையே கட்டாயமாக்குகிறது என்றும், தனக்கோ பிறருக்கோ கடும் சுமையாகும் வழிகளைக் கட்டாயமாக்குவதில்லை என்றும் போதித்தார். ஆளையும் இடத்தையும் காலத்தையும் பொறுத்து இது மாறும் என்றும் கூறினார். 1980ஆம் ஆண்டு விசுவாசக் கோட்பாட்டுச் சபை வெளியிட்ட அறிக்கை, இத்தகைய தீர்மானத்தில் நோயாளியின் மனச்சாட்சிக்கு முதலிடம் தருகிறது. இவ்விரு போதனைகளும் மரணத் தறுவாயிலுள்ளோரை முன்னிட்டு எழுந்தவை. ஆயினும் அவற்றின் தத்துவம் இங்கும் வெளிச்சம் தருகிறது. காணியை ஈடுவைத்துத்தான் பரிசோதனை செய்யலாம் என்ற நிலையிலுள்ள ஒருவர், வேண்டாம் என்று தீர்மானித்தால் அவரைக் குற்றவாளியாக்க வேண்டாம். அதேவேளை, மனச்சாட்சி தீர்மானிக்க வேண்டுமானால் அதற்கு உண்மை தெரிந்திருக்க வேண்டும். நோயின் பெயரையே மறைத்துவிட்டு, நோயாளியின் மனச்சாட்சியை மதிக்கிறோம் என்று நாம் சொல்ல முடியாது.

இதனால் உண்மையைத் தலையில் கொட்ட வேண்டும் என்பதன்று கருத்து. "அம்மா, உங்களுடைய வருத்தத்தைப் பற்றி எல்லாம் அறிய விரும்புறியளோ, அல்லது நாங்கள் பார்த்துக்கொள்ளட்டோ?" என்று ஒருமுறை கேட்டுவிடுவோம். "நீங்களே பாருங்கோ, தம்பி" என்று அவர் சொன்னால் அதுவும் அவருடைய தீர்மானமே. அவரைக் கேளாமல் விடுவதே அநீதி.

8. பரிசோதனைக்கு முன் கேட்கவேண்டியவை

வைத்தியரிடம்:
அ. இது கட்டியைப் பார்க்கும் பரிசோதனையா, பரம்பரையைப் பார்க்கும் பரிசோதனையா?
ஆ. விடை எதுவானாலும் எனது சிகிச்சை மாறுமா?
இ. விடை காட்டும் மருந்து இங்கே கிடைக்குமா? என்ன செலவாகும்?
ஈ. எதிர்பாராத வேறு செய்தி தெரியவந்தால் என்ன செய்வீர்கள்?
உ. முடிவு யாருக்குத் தெரிவிக்கப்படும்?

நோயாளி தம்மிடமே:
அ. எனக்கு எது முக்கியம்? ஆயுள் நீள்வதா, இருக்கும் நாளில் நடமாட்டமும் தெளிவும் இருப்பதா?
ஆ. இவ்விடையோடு நான் நிம்மதியாக உறங்குவேனா? விடை தெரியாமல் உறங்குவேனா?
இ. யாருக்குச் சொல்வேன்? யார் சொல்ல உதவுவார்?

சிறு பிள்ளைகளைப் பொறுத்து ஒரு விதி. வளர்ந்த பின் வரக்கூடிய புற்றுநோய்க்கான பரிசோதனையைப் பிள்ளைக்கு இப்போதே செய்விப்பது பொதுவாக ஏற்கப்படுவதில்லை. வயது வந்தபின் அவர்களே தீர்மானிக்கட்டும் என்பதே நெறி. குடலில் நூற்றுக்கணக்கான முளைகள் தோன்றும் பரம்பரை நோய் போன்ற, சிறுவயதிலேயே கவனிக்கவேண்டியவை இதற்கு விலக்கு.

வீட்டுப் பயிற்சி

இந்த வாரம் ஒரு மாலை, செபமாலை முடிந்தபின், ஓர் அப்பியாசக் கொப்பியில் மூன்று தலைமுறைகளை எழுதுங்கள். அம்மம்மா, அப்பப்பா, பெரியம்மா, சித்தப்பா, மாமி என்று தாய்வழியையும் தந்தைவழியையும் தனித்தனியே எழுதுங்கள். யாருக்கு என்ன வருத்தம், எத்தனை வயதில் வந்தது என்பதைக் குறியுங்கள். "வயிற்றுக்குள் கட்டி" என்று மூத்தோர் சொன்னால் அதையும் அப்படியே எழுதுங்கள். 50 வயதுக்கு முன் வந்த புற்றுநோய், ஒரே வழியில் இருவர் அல்லது மூவருக்கு வந்த ஒரே வகைப் புற்றுநோய், இரு மார்புகளிலும் வந்த நோய், சூலகப் புற்றுநோய், ஆணுக்கு வந்த மார்புப் புற்றுநோய் என்பன காணப்பட்டால் அக்கொப்பியோடு வைத்தியரிடம் செல்லுங்கள். இதற்கு ஒரு சதமும் செலவில்லை. ஆன் ஆபர் தையற்காரப் பெண் வைத்தியரிடம் கொண்டுசென்றதும் இவ்வளவே.

எழுதும்போது வீட்டிலுள்ள மூத்தவரிடம் ஒரு கேள்வியையும் கேட்டுவையுங்கள்: "உங்களுக்கு ஒரு பெரிய வருத்தம் வந்தால், உங்களுக்குச் சொல்லவேணுமோ?" சுகமாக இருக்கும் நாளிலேயே அந்த விடையைப் பெற்று, அதையும் கொப்பியில் எழுதிவையுங்கள்.